மோட்டாருக்கு யார் சொன்னது?

2024 பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவு. பன்னிரண்டு மணியைத் தாண்டியிருக்கும். தங்கச்சியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

“சின்னக் காக்கா, மோட்டார் தானா ஓடுது. தாங்கி நிரம்பி முற்றம் முழுக்கத் தண்ணி. ஒருத்தரும் சுவிட்ச் போடல்ல. உம்மா பயந்துபோய் ஓதிக்கொண்டிருக்கிறா.”

தங்கச்சியின் வீடும் அக்கரைப்பற்றில்தான். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கியின் விளிம்பால் வழிந்த தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. பிரதான சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால், காக்காவின் மகன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அந்த மோட்டாருக்குக் காது வைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

விடயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். உம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. முழங்கால் வருத்தம், காதும் மந்தம். தங்கச்சி பாடசாலை ஆசிரியை. பகலில் உம்மா தனியே. தாங்கியில் தண்ணீர் முடிந்தால் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போடவேண்டும். இருமுறை அங்கே வழுக்கி விழுந்தார். அதைப் பார்த்துத்தான் காக்காவின் மகன் ஒரு வேலை செய்தான். கையடக்கத் தொலைபேசிக்குப் போடும் சிம் அட்டை ஒன்றை ஏற்கும் சிறிய மின்பலகை. அதனுடன் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினி. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு மின்விசை. மூன்றையும் இணைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துக் கிணற்றடிச் சுவரில் பொருத்தினான். தங்கச்சி பாடசாலையில் இருந்தபடி ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் மோட்டார் ஓடும். ‘ஓஃப்’ என்று அனுப்பினால் நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் நிரல் வருகிற செய்தியைப் படித்து, அதற்கேற்பக் கீழ்ப்படிகிறது. அவ்வளவுதான்.

இது புதுமையான காரியமல்ல. தமிழ்நாட்டில் விவசாயிகள் பலர் தோட்டத்துக்கு நடந்து போகாமல், வீட்டிலிருந்தே கைபேசியால் பம்புசெட்டைப் போடுகிறார்கள். நம் பிள்ளைகளும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் சுட்டெண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறார்கள்; சற்று நேரத்தில் பெறுபேறு வந்து சேர்கிறது. அங்கே யாரும் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிப் பதில் எழுதுவதில்லை. வந்த செய்தியை ஒரு நிரல் படிக்கிறது, தேடுகிறது, பதில் அனுப்புகிறது. முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அதற்கும் முன்பே, 1986 இல், பாரிஸ் நகரில் மாணவராக இருந்த எரிக் தோமஸ் என்பவர் ‘லிஸ்ட்சேர்வ்’ என்ற நிரலை எழுதினார். மின்னஞ்சலில் ஒரு வரிக் கட்டளை எழுதி அனுப்பினால், அது உங்கள் பெயரைக் குழுவில் சேர்க்கும். இன்னொரு வரி எழுதினால் நீக்கும். தூரத்திலிருந்து எழுத்தால் இயந்திரத்துக்கு உத்தரவிடும் பழக்கத்துக்கு இப்படி நாற்பது வருட வயது.

அப்படியென்றால் அன்று நள்ளிரவில் எங்கள் மோட்டாருக்கு யார் உத்தரவிட்டது? பெட்டிக்குள்ளிருந்த சிம் அட்டையைக் கழற்றித் தன் தொலைபேசியில் போட்டுப் பார்த்தான். ஒரேயொரு புதிய செய்தி. தொலைபேசிக் கம்பனி ஒன்றின் விளம்பரம். மீள்நிரப்பினால் போனஸ் தருவதாகச் சொல்கிறது.

“சாச்சா, பிடிச்சிட்டன்” என்றான். போனஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவிலே ‘ஒன்’ என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நிரலோ, செய்தியில் எங்கேயாவது அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகிறதா என்று மட்டுமே பார்த்தது. வந்தது. ஓடவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தோம். விளம்பரம் அனுப்பப்பட்ட நேரம் மாலை ஆறு மணி. அன்று மாலையிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, பெட்டியும் அணைந்திருந்தது. குறுஞ்செய்தி என்பது நேரே கைக்குக் கை வருவதல்ல. தபால் கந்தோரில் கடிதம் கிடப்பதுபோல கம்பனியின் நிலையத்தில் கிடக்கும். வாங்குபவர் எப்போது கிடைக்கிறாரோ அப்போது கொடுக்கும். நள்ளிரவில் மின்சாரம் வந்தது, பெட்டி விழித்தது, ஆறு மணிக்குப் புறப்பட்ட செய்தி பன்னிரண்டு மணிக்கு வந்து மோட்டாரைப் போட்டது.

அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன் நான். ஹதீஸ் பாடத்தில் எங்களுக்கு முதலில் படித்துத் தந்தது, செய்தி என்ன சொல்கிறது என்பதையல்ல. அது யார் வழியாக வந்தது என்பதை. இவர் யாரிடம் கேட்டார்? அவரை இவர் சந்தித்திருக்கிறாரா? இருவரும் ஒரே காலத்தவரா? ஞாபகசக்தி எப்படி? இடையில் ஒருவர் விடுபட்டிருக்கிறாரா? இந்தச் சங்கிலிக்கு ஸனது என்று பெயர். சொல்லப்பட்ட வாசகம் மத்னு. ஸனதைப் பார்க்காமல் மத்னுக்கு மட்டும் தலையாட்டுகிறவனை உஸ்தாத்மார் வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடுவார்கள்.

“மகன், உன்னுடைய பெட்டி மத்னை மட்டும் பார்க்குது. ஸனதைப் பார்க்கல்ல” என்றேன். சிரித்தான். ஆனால் விளங்கிக்கொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நிரலைத் திருத்தினான். ஒவ்வொரு குறுஞ்செய்தியோடும் அனுப்பிய இலக்கமும் அனுப்பிய நேரமும் சேர்ந்தே வருகின்றன. இனிப் பெட்டி முதலில் இலக்கத்தைப் பார்க்கும்; எங்கள் குடும்பத்து மூன்று இலக்கங்கள் தவிர வேறெதையும் ஏற்காது. அடுத்து நேரத்தைப் பார்க்கும். பத்து நிமிடத்துக்கு மேல் பழைய செய்தியைத் தள்ளிவிடும். அதன் பிறகு வாசகம்; கட்டளை முழுச் சொல்லாக இருக்கவேண்டும், அதன் முன்னே எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியச் சொல் ஒன்றும் இருக்கவேண்டும். இரகசியச் சொல் எதற்கு? இலக்கம் ஒன்றே போதாது என்றான். கடித உறையின் பின்புறத்தில் யாரும் யாருடைய பெயரையும் எழுதி அனுப்பலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போட வழியுண்டாம். கடைசியாக ஒன்று: சொன்னதைச் செய்து முடித்ததும் பெட்டி ‘கேட்டது’ என்று பதில் அனுப்பும்.

மோட்டார் கதை அத்துடன் முடிந்தது. ஆனால் காக்காவின் மகனுக்கு முடியவில்லை. சில நாள் கழித்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டான்.

“சாச்சா, அன்றைக்குப் பூமி நடுங்கினது எத்தனை மணிக்கு?”

எந்த நாள் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காக்கா மருதமுனையில் கலியாணம் முடித்தவர். நம் பகுதி வழக்கப்படி மதினியின் வீட்டில் குடியிருந்தார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காக்கா காலையிலேயே கல்முனைக்குப் போய்விட்டார். மூன்று வயதுப் பிள்ளை, மூத்தம்மாவோடு இருக்கவேண்டுமென்று அழுததால், இரண்டு நாளாக அக்கரைப்பற்றில் எங்களோடு நின்றான். மதினியும் அவருடைய தாயாரும் வீட்டில். அவர்கள் இருவரும் திரும்பவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இழப்பில்லை. அந்தப் பிள்ளையை உம்மாதான் வளர்த்தார். இருபது வருடத்தில் அன்றைய நாளைப் பற்றி அவன் ஒரு கேள்வி கேட்டதில்லை.

“காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க” என்றேன். “சுமாத்திராவுக்குப் பக்கத்தில். நம் கரைக்குத் தண்ணீர் வந்தது எட்டரை மணியளவில்.”

கணக்குப் பார்த்தான். “அப்ப ஒன்றரை மணித்தியாலம்.”

ஒன்றரை மணித்தியாலம்! மருதமுனைக் கடற்கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த நேரத்தில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதிருந்ததா? தெரிந்திருந்தது. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம், நில நடுக்கம் ஏற்பட்டுக் கால் மணி நேரத்துக்குள் முதலாவது அறிவித்தலை அனுப்பியது. ஆனால் அது பசிபிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்காக ஏற்பட்ட ஒழுங்கு. நமது கடலில் அப்படியோர் ஒழுங்கு இருக்கவில்லை. செய்தி புறப்பட்டது, கேட்பதற்கு இங்கே காது இல்லை.

அதே நாளில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் வேறொன்று நடந்தது. அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்திருந்த கிராம அறிவு மையத்தை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறும்படி அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் தப்பினர். ஒரு மகனின் குரல், ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி. பெரிய இயந்திரம் எதுவுமில்லை. சொன்னவர் யாரென்று ஊருக்குத் தெரியும். சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. அவ்வளவே.

அந்தப் பாடத்தை நம் நாடும் படிக்க முயன்றது. சுனாமிக்குப் பின், லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் எச்சரிக்கையை எவ்வழியால் கொண்டுசேர்க்கலாம் என்று பரிசோதித்தன. அங்கே சோதிக்கப்பட்ட கருவிகளில் ஒன்று எங்கள் கிணற்றடிப் பெட்டியின் மூத்த சகோதரன் என்றே சொல்லலாம். டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் சேர்ந்து உருவாக்கிய தூர அபாயமணி அது. கைபேசி வலையமைப்பினூடாகச் செய்தி வந்தால் சங்கு ஒலிக்கும், விளக்கு மின்னும். அதன் தொடர்ச்சியாக 2009 இல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் இணைந்து கைபேசிவழி எச்சரிக்கைத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அதில் ஓர் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது: செய்தி முதலில் பொறுப்பானவர்களுக்கு மட்டும் போகும், உண்மைதான் என்று நிலையம் உறுதி செய்த பின்னரே பொதுமக்களுக்குப் போகும். குறுஞ்செய்தி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக வரிசையில் போவதால், இலட்சம் பேருக்கு அனுப்பும்போது தாமதமாகும். ஆகவே ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொலைபேசிக்கும் ஒரே தடவையில் ஒலிபரப்பும் முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் நமது சமுத்திரத்துக்கான சுனாமி அறிவித்தல்களை வழங்குகின்றன.

இதையெல்லாம் அறிந்துகொண்ட காக்காவின் மகன் ஒரு யோசனையோடு வந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியோடு தன் பெட்டியை இணைத்துவிட்டால், ஒரு குறுஞ்செய்தியில் ஊர் முழுவதையும் எழுப்பலாமே என்றான். அவனுடைய கண்ணைப் பார்த்தபோது மறுக்க மனம் வரவில்லை. ஆனாலும் மறுத்தேன்.

ஏன் தெரியுமா? 2005 மார்ச் 28 ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பின், சுமாத்திராப் பக்கம் மறுபடியும் பெரிய நடுக்கம். கடல் வருகிறதென்ற செய்தி பரவியது. அன்று நம் ஊர்களில் மக்கள் ஓடிய ஓட்டத்தைக் கண்டவன் நான். கைக்குழந்தையோடு விழுந்தவர்கள், இருட்டில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள். அன்று அலை வரவில்லை. அந்த எச்சரிக்கையோ நியாயமானது. நியாயமான எச்சரிக்கைக்கே இந்த நிலை என்றால், பொய்யான ஒன்றுக்கு என்ன நடக்கும்? 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டலஸ் நகரில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் 156 அபாயச் சங்குகள் ஒன்றாக ஒலித்தன. யாரோ வெளியாள் ஒருவர் வானொலிச் சமிக்ஞையால் உத்தரவிட்டிருக்கிறார். சங்குகள் யாரென்று கேளாமல் கீழ்ப்படிந்தன. 2018 ஜனவரி 13 இல் ஹவாயில், ஏவுகணை வருகிறது, இது பயிற்சியல்ல என்ற செய்தி எல்லாத் தொலைபேசிக்கும் போனது. அனுப்பியவர் உரிமையுள்ள ஊழியர்தான், செய்திதான் தவறு. அதைத் திருத்தி மறுசெய்தி அனுப்ப 38 நிமிடம் பிடித்தது.

“ஊருக்கு மணியடிக்கும் அதிகாரம் நமக்கில்லை மகன்” என்றேன். “வீட்டுக்கு அடிக்கலாம்.”

சற்று வாடினான். பின்பு உம்மாவின் கட்டிலருகே ஒரு மணியும் மின்னும் விளக்கும் வைத்தான். மின்சாரம் போனாலும் இயங்கப் பற்றரி ஒன்று. மூன்று இலக்கத்தில் ஏதாவதொன்றிலிருந்து இரகசியச் சொல்லோடு செய்தி வந்தால் மணியடிக்கும். எழுந்தவர் ஒரு பொத்தானை அழுத்தினால் ‘கேட்டது’ என்று எங்களுக்குப் பதில் வரும்.

2024 நவம்பர் கடைசி வாரம். மழை மூன்று நாளாக விடவில்லை. இரவு இரண்டு மணியளவில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். தங்கச்சியின் வீடு இன்னும் பள்ளத்தில். காக்காவின் மகன் அன்று கொழும்பில். மணிக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பதிலில்லை. மறுபடி அனுப்பினேன். பதிலில்லை. தங்கச்சியின் தொலைபேசிக்கும் அழைப்புப் போகவில்லை.

‘கேட்டது’ என்ற அந்தச் சொல் வராததுதான் என்னை வீட்டை விட்டு வெளியே இறக்கியது. அது என்ற ஒன்று இல்லாதிருந்தால், செய்தி அனுப்பிவிட்டோம், போதும் என்று நான் படுத்திருப்பேன். இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. நெஞ்சு நின்றுவிட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது: “மௌலவி, எல்லாரும் இங்கதான். உம்மாவ முதலே தூக்கிட்டு வந்திட்டம்.” அயல்வீட்டுப் பொடியன் ஒருவன் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறான். பெட்டி? அந்தப் பக்கத்தில் சமிக்ஞையே இருக்கவில்லை. மணி ஊமையாகக் கிடந்தது. என் செய்தி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தது; பழைய செய்தியென்று பெட்டி அதைத் தள்ளிவிட்டது.

அதே வாரம், 26 ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து மத்ரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைக் கேட்டு நாடே அழுதது. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் என்ற முறையில் அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மழை நாளில் பிள்ளையை அனுப்புவதாயின் பெற்றோருக்குச் செய்தி மட்டும் அனுப்புவதில்லை. அவர்கள் பேசி, ‘கேட்டது, நான் வருகிறேன்’ என்று சொல்லும்வரை பிள்ளை வெளியே காலெடுத்து வைப்பதில்லை.

அன்பு வாசகர்களே! சின்னப் பெட்டி ஒன்றுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த பாடம் உண்மையில் எங்களுக்கே உரியது. வந்த செய்தி யாரிடமிருந்து வந்தது? எப்போது புறப்பட்டது? நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? இந்த மூன்றையும் கேளாமல் கீழ்ப்படியும் இயந்திரத்தைப் பழுது என்கிறோம். நடுநிசியில் வந்த செய்தியை யாரென்று பாராமல் நூறு பேருக்குத் தள்ளிவிடும் நம்மை என்னவென்பது?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் நடக்க முடியாதவர், காது கேளாதவர் யார் என்று எண்ணுங்கள். அபாயம் வந்தால் அவரை எழுப்புவது யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அயல்வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். சந்தேகமான செய்தி வந்தால் பரப்புமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆம் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

காக்காவின் மகன் பெட்டியை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறான். சமிக்ஞை அறுந்தால் அதுவே மணியடித்துச் சொல்லும்படி செய்கிறானாம். செய்யட்டும். உம்மாவோ, அயல்வீட்டுப் பொடியனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் மறக்காமல் ஒரு சாப்பாட்டுப் பார்சல் அனுப்பிவைக்கிறார். கிடைத்ததென்று அவன் வந்து சொல்லும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.